அணுக்கருவைக் கடக்கும் புரோட்டானைக் கணிக்க மூன்று முறைகள்: ஆய்வுத்திட்டத்திற்கு எதை எடுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் நான் நடத்தும் இயற்பியல் வகுப்புக்கு, இப்போது பல்கலைக்கழகங்களில் படிக்கும் பழைய மாணவர்களும் விடுமுறைக்கு ஊர் வரும்போது வந்து உட்காருவதுண்டு. பெரும்பாலோர் சுற்றுவட்டத் தோட்டங்களைச் சேர்ந்த பிள்ளைகள். பாட்டிமார் பால்மரம் வெட்டியவர்கள், தகப்பன்மார் செம்பனைக் குலை வெட்டுபவர்கள். இவ்வாண்டு அவர்களில் மூவர், ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமலே, ஒரே கேள்வியைக் கொண்டுவந்தனர். அணுக்கருவின் மீது ஏவப்படும் புரோட்டானோ நியூட்ரானோ அதனூடே எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கணிப்பது அவர்களுடைய இறுதியாண்டு ஆய்வுத்திட்டம். ஒளியியல் மாதிரி, கிளாபர் மாதிரி, அடுக்கு மோதல் மாதிரி என்று மூன்று வழிகள் அவர்கள் முன்னே இருக்கின்றன. "சார், எதை எடுத்தால் நாலு மாதத்தில் முடிக்கலாம்?" என்றுதான் மூவரும் கேட்டனர்.

கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் மூன்று கருவிகள் அல்ல. அணுக்கருவுக்குள் புகுந்த துகளைப் பற்றி ஒவ்வொன்றும் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லி, மற்றொன்றைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறது. எது எதைச் சொல்லாது என்று அறியாமல் தேர்ந்தால், நாலு மாதம் எட்டு மாதமாகும். எனக்கே அப்படி ஆனது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

முதலாவது, துகளின் ஆற்றல். எல்லாவற்றையும் முடிவு செய்வது இதுதான் என்றாலும் மாணவர்கள் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள். 50 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) ஆற்றல் கொண்ட புரோட்டானின் அலைநீளம் ஏறத்தாழ 4 ஃபெர்மி; 200 மெ.எ.வோ.வில் அது 1.9 ஃபெர்மி, 1000 மெ.எ.வோ.வில் 0.73 ஃபெர்மி. ஒரு ஃபெர்மி என்பது 10⁻¹⁵ மீட்டர். அணுக்கருவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு நியூக்ளியான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) இடைப்பட்ட தூரம் 2 ஃபெர்மிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 50 மெ.எ.வோ. புரோட்டானுக்கு அணுக்கருவின் உள்ளே தனித்தனி ஆட்கள் இருப்பதே தெரியாது, 1000 மெ.எ.வோ. புரோட்டானுக்கு ஒவ்வொருவரும் தனியாகத் தெரிவர்.

இரண்டாவது, எந்த அளவீட்டோடு ஒப்பிடப் போகிறோம் என்பது. புரோட்டான் அணுக்கருவைக் கிளறாமல் திசை மட்டும் மாறி வெளிவரும் மீட்சிச் சிதறலா, அணுக்கருவைக் கிளறிவிட்ட நிகழ்வுகள் அனைத்தையும் சேர்த்த மொத்த வினைக் குறுக்குவெட்டா (குறுக்குவெட்டு என்பது நிகழ்வின் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு), அல்லது மோதிய பின் தெறித்து வெளிவரும் துகள்களின் ஆற்றலும் கோணமுமா? மூன்றாவது, கணக்கிற்குள் நாம் இட வேண்டிய தரவுகள் எங்கிருந்து கிடைக்கும் என்பது. நான்காவது, மறைசெலவு: மென்பொருளை நிறுவுவதில் போகும் நாள்கள், புரியாத அளவுருக்கள், வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல முடியாத கேள்விகள்.

நம் நாட்டுச் சூழலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் புஸ்பாத்தி ஆய்வு உலையின் நியூட்ரான்கள் அணுப்பிளவில் பிறந்தவை. பெரும்பாலானவை சில மெ.எ.வோ.வுக்குள் அடங்குபவை, வேகம் தணிந்தபின் அதிலும் மிகக் குறைந்தவை. இக்கட்டுரையில் பேசப்படும் சோதனைகளோ பல பத்து முதல் ஆயிரம் மெ.எ.வோ. வரையிலான கற்றைகளை வேண்டுபவை. ஆகவே நம் மாணவர் அளவீட்டைத் தாமே எடுக்கப் போவதில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமை இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் எக்ஸ்ஃபார் தரவுத்தளத்தில் உலக ஆய்வகங்களின் பல்லாண்டு அளவீடுகள் கிடக்கின்றன. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் லயத்து வீட்டுத் திண்ணையிலிருந்தே இந்த வேலையைச் செய்யலாம்.

## ஒளியியல் மாதிரி

1946இன் இறுதியில் பெர்க்லியில் 184 அங்குல சின்க்ரோசைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி இயங்கத் தொடங்கியது. அதில் முடுக்கிய டியூட்ரான்களை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் இணைந்தவை) உடைத்துப் பெற்ற 90 மெ.எ.வோ. அளவிலான நியூட்ரான்களைப் பல தனிமங்களின் மீது செலுத்திப் பார்த்தபோது, எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அதுவரை, நீல்ஸ் போர் 1936இல் சொன்ன கூட்டு அணுக்கருக் கருத்தின்படி, உள்ளே புகுந்த நியூட்ரான் அங்கேயே எல்லாருடனும் மோதி அடையாளம் இழந்துவிடும் என்று நம்பினர். ஆனால் இலேசான அணுக்கருக்களின் குறுக்குவெட்டு, மேலே விழும் அனைத்தையும் விழுங்கும் முழுக் கறுப்பு வட்டுக்கு உரிய அளவைவிடக் குறைவாக இருந்தது. அதாவது நியூட்ரான்களில் ஒரு பகுதி ஒன்றும் நடவாததுபோல் மறுபக்கம் வந்துவிட்டது. 1949இல் ஃபெர்ன்பாக், செர்பர், டெய்லர் ஆகிய மூவரும், அணுக்கருவை ஒளியை ஓரளவு விழுங்கி ஓரளவு விடும் ஒரு கண்ணாடி உருண்டையாகக் கொண்டு இதை விளக்கினர். 1954இல் ஃபெஷ்பாக், போர்ட்டர், வைஸ்கோஃப் ஆகியோர் குறைந்த ஆற்றல் நியூட்ரான்களுக்கும் இக்கருத்தைக் கொண்டுவந்தனர். "மங்கலான படிக உருண்டை" என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் இதை விளக்குவது எளிது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுபவரை, பனி இறங்கிய ரப்பர்க் காட்டின் மறு எல்லையில் நின்று பார்த்திருப்பீர்கள். விளக்கொளி பனியில் வளைந்து பரவுகிறது, கூடவே மங்குகிறது. ஒளியியல் மாதிரியில் அணுக்கரு முழுவதும் ஒரே ஒரு நிலையாற்றல் புலமாகிவிடுகிறது. அது கலப்பெண். அதன் மெய்ப்பகுதி அலையை வளைக்கிறது, கற்பனைப் பகுதி அலையை மங்கச் செய்கிறது. புலத்தின் வடிவத்துக்கு 1954இல் வுட்ஸும் சாக்சனும் தந்த வளைகோடே இன்றும் வழக்கு: உள்ளே ஏறத்தாழ சமமான ஆழம், விளிம்பில் 0.65 ஃபெர்மி அளவுக்கு மென்மையான சரிவு. குறைந்த ஆற்றலில் மெய்ப்பகுதியின் ஆழம் 50 மெ.எ.வோ.வை ஒட்டியது, துகளின் ஆற்றல் 1 மெ.எ.வோ. கூடும்போது அது சுமார் 0.3 மெ.எ.வோ. குறையும்.

கற்பனைப் பகுதியிலிருந்து ஓர் அழகான எண்ணைப் பெறலாம். 100 மெ.எ.வோ.வை ஒட்டிய ஆற்றலில் அதன் ஆழத்தை 10 மெ.எ.வோ. என்று கொண்டால், ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே துகள் செல்லும் சராசரி மோதலிடைத் தூரம் 4 முதல் 5 ஃபெர்மி வருகிறது. 1949இல் அந்த மூவர் பெற்றதும் ஏறத்தாழ 4.5 ஃபெர்மிதான். சீரான உருண்டை என்று வைத்து நடுவழியே அனுப்பிப் பாருங்கள்: கரியணுவின் (கார்பன்) கரு 5.5 ஃபெர்மி குறுக்களவு. மோதாமல் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 30. ஈயத்தின் கரு 14 ஃபெர்மிக்கு மேல். தப்புவது நூற்றுக்கு நாலுதான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி இங்கே இருக்கிறது. அணுக்கருவுக்கு வெளியே இரு நியூக்ளியான்கள் மோதும் குறுக்குவெட்டு 100 மெ.எ.வோ.வில் சராசரியாக 50 மில்லிபார்னை (10 மில்லிபார்ன் ஒரு சதுர ஃபெர்மி) ஒட்டியது. அணுக்கருவின் நடு அடர்த்தி ஒரு கன ஃபெர்மிக்கு 0.16 நியூக்ளியான். இவ்விரண்டையும் பெருக்கித் தலைகீழாக்கினால் மோதலிடைத் தூரம் 1.2 ஃபெர்மிதான் வருகிறது. சிதறல் அளவீடு சொல்வதோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஒரு காரணம் பவுலியின் தவிர்க்கைத் தத்துவம்: மோதிய பின் துகள் போய்ச் சேர வேண்டிய நிலையில் ஏற்கெனவே வேறொரு துகள் இருந்தால் அந்த மோதல் நடக்கவே முடியாது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்த பிறகு ஒருவருடைய நிரைக்குள் (மரவரிசைக்குள்) இன்னொருவர் புக முடியாததைப்போல. ஆனால் அது மட்டும் இடைவெளியை அடைக்கவில்லை. 1981இல் நெகலேயும் யசாகியும் மீதியை விளக்கினர். அணுக்கருப் புலம் ஒரு புள்ளியில் மட்டும் செயல்படுவதன்று. அதன் பாதிப்பு பக்கத்துப் புள்ளிகளிலும் பரவியிருக்கிறது. அந்த விளைவைத் துகளின் பயனுறு நிறை குறைந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அது உள்ளே விரைவாகச் செல்கிறது. மோதலிடைத் தூரமும் நீள்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாரும் பயன்படுத்திய ஓர் எண்ணின் காரணம் அவ்வளவு தாமதமாக விளங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

செயல்முறையில் இது மூன்றிலும் எளிது. 2003இல் கோனிங்கும் டெலரோஷும் வெளியிட்ட அளவுருத் தொகுதி, 24 முதல் 209 வரை நிறை எண் கொண்ட, ஏறத்தாழ உருண்டை வடிவான அணுக்கருக்களுக்கு, 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் 200 மெ.எ.வோ. வரை புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொருந்தும். டாலிஸ் மென்பொருளில் அது உள்ளேயே இருக்கிறது. நிறுவி முடித்தபின் ஒரு கணக்கு சில வினாடிதான்.

மறைசெலவுகள் நான்கைச் சொல்ல வேண்டும். முதலாவது, கற்பனைப் பகுதி விழுங்கிய துகள்கள் எங்கே போயின என்று இந்த மாதிரிக்குத் தெரியாது. மீட்சிச் சிதறலிலிருந்து விலகியவை அனைத்தும் ஒரே வாளியில் விழுகின்றன. இரண்டாவது, அளவுருக்களுக்கு இடையே இணைவு உண்டு: ஆழத்தைக் கூட்டி ஆரத்தைக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே சிதறல் கோடு வரும். ஆகையால் நன்றாகப் பொருந்துகிறது என்பது மட்டும் சான்றாகாது. மூன்றாவது, சில மெ.எ.வோ. ஆற்றலில், கூட்டு அணுக்கருவாகிப் பின்னர் அதே ஆற்றலோடு வெளிவரும் துகள்களும் மீட்சிச் சிதறலோடு கலந்துவிடுகின்றன. அவற்றைத் தனியே கணித்துக் கூட்டாவிட்டால் ஒப்பீடு தவறும். நான்காவது, நிலைத்த அணுக்கருக்களில் பொருத்தப்பட்ட அளவுருக்களை, நியூட்ரான் மிகுந்த அரிய அணுக்கருக்களுக்கு நீட்டினால் நிச்சயமின்மை எவ்வளவு என்பது இன்னும் பேசப்படும் விஷயம். கோனிங்–டெலரோஷ் தொகுதிக்கே நிச்சயமின்மை கணக்கிட்ட மறுபதிப்பு 2023இல்தான் வந்தது.

இதே குடும்பத்தில் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நியூக்ளியான்களுக்கிடையிலான விசையிலிருந்தே புலத்தைக் கட்டும் நுண்ணிய முறைகளும், டிராக் சமன்பாட்டைக் கொண்டு செய்யும் சார்பியல் முறைகளும் அதில் அடங்கும். ஒசாகாவில் 295 மெ.எ.வோ. புரோட்டான் சிதறலிலிருந்து ஈயம் 208இன் நியூட்ரான் தோல் (நியூட்ரான் பரவலின் ஆரம் புரோட்டான் பரவலுடையதைவிடக் கூடியிருக்கும் அளவு) 0.21 ஃபெர்மி என்று 2010இல் பெற்றது அந்தச் சார்பியல் வழியில்தான். அரிய வேலை, இளநிலை மாணவர் நாலு மாதத்தில் தொட வேண்டியதன்று.

## கிளாபர் மாதிரி

ராய் கிளாபர் 1950களில் வளர்த்து, 1959இல் வெளிவந்த விரிவுரைகளில் முழுவடிவம் தந்த முறை இது. (2005இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறு வேலைக்கு, ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்கு.) இதன் கருதுகோள் ஒன்றே: துகள் அணுக்கருவை நேர்கோட்டில் கடக்கிறது, அது கடக்கும் நேரத்தில் உள்ளேயிருக்கும் நியூக்ளியான்கள் அசையாமல் நிற்கின்றன. நேர்நிரையில் போகும்போது வழியில் எத்தனை பேரை உரசுகிறது என்று எண்ணி, ஒவ்வோர் உரசலும் அலைக்குத் தரும் கட்ட மாற்றத்தைக் கூட்டினால் போதும்.

சமதரைத் தோட்டத்தில் நிரை நூல் பிடித்தாற்போல் போகும். மேட்டுத் தோட்டத்தில் மலையின் வளைவைப் பற்றிக்கொண்டு வளையும். துகளின் ஆற்றல் நிலையாற்றல் புலத்தைவிடப் பல மடங்கு இருந்தால் பாதை சமதரை. குறைந்தால் மேடு. 1960களின் பிற்பகுதியில் புரூக்ஹேவனின் காஸ்மோட்ரான் முடுக்கியில் 1000 மெ.எ.வோ. புரோட்டான்களை ஹீலியம், கரி, ஆக்சிஜன் அணுக்கருக்களில் சிதறவைத்து எடுத்த கோணப் பரவல்களில், ஒற்றை மோதலும் இரட்டை மோதலும் ஒன்றோடொன்று குறுக்கிடும் அடையாளங்களைக் கிளாபர் முறை விளக்கியபோதுதான் அதன் பெயர் நிலைத்தது.

இதற்கு வேண்டிய தரவுகள் இரண்டு: தனி நியூக்ளியான்கள் மோதும் அளவுகள், அணுக்கருவின் அடர்த்திப் பரவல். பொருத்திப் பார்த்துத் திருத்தும் அளவுரு ஏறக்குறைய இல்லை. இது என் கண்ணுக்குப் பெரிய நன்மை. விடை தவறினால், எங்கே தவறியது என்று தேட வழி இருக்கிறது. ஒரு சிறு சோதனையை எல்லாரும் முதலில் செய்யலாம். ஈயக் கருவின் வடிவப் பரப்பு, ஆரம் 7.1 ஃபெர்மி என்று கொண்டால், 1.58 பார்ன், உயர் ஆற்றலில் புரோட்டானுக்கு அளக்கப்பட்ட வினைக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 1.7 பார்ன். விளிம்பின் மென்மையைச் சேர்த்துப் பார்த்தால் ஈயம் ஒரு கறுப்பு வட்டு. கரியின் வடிவப் பரப்பு 240 மில்லிபார்ன். அளவீடு 200 முதல் 230 வரை. மென்மையான விளிம்பு இருந்தும் அளவு கூடவில்லை, ஏனெனில் நடுவிலும் துகள்கள் தப்பிப் போகின்றன. கிளாபர் கணக்கு இவ்விரண்டையும் பொருத்தும் அளவுரு இல்லாமலே தந்துவிடும்.

எலக்ட்ரான் அடித்து வெளியேற்றிய புரோட்டான், தான் பிறந்த அணுக்கருவைவிட்டு மோதாமல் தப்புகிறதா என்று ஸ்டான்ஃபோர்டிலும் ஜெஃபர்சன் ஆய்வகத்திலும் அளந்த ஊடுருவல் சோதனைகளுக்கும் இதே கணக்குதான் அடிக்கோடு. கரியில் நூற்றுக்கு 60 அளவில் தப்புகின்றன. கனமான அணுக்கருக்களில் குறைகிறது. மிகுந்த உந்தத்தில் அணுக்கரு புரோட்டானுக்கு மேலும் வழிவிடும் என்ற கணிப்பை ஜெஃபர்சன் ஆய்வகம் கரியில் தேடி, அப்படி ஒன்றும் தென்படவில்லை என்று 2021இல் அறிவித்தது.

மறைசெலவு இங்கே ஆற்றலில் இருக்கிறது. நான் மாணவனாயிருந்தபோது கால்சியத்தில் 40 மெ.எ.வோ. புரோட்டான் சிதறலைக் கிளாபர் முறையில் கணித்தேன். சிறு கோணங்களில் சுமாராக வந்தது. பெருங்கோணங்களில் கணக்கும் அளவீடும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. மூன்று மாதம் நிரலில் பிழை தேடினேன். நிரலில் பிழை இல்லை, 40 மெ.எ.வோ. ஆற்றலும் அதைவிட ஆழமான புலமும் இருக்கும் இடத்தில் நேர்கோட்டைக் கருதியதுதான் பிழை. மேற்பார்வையாளர் அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நானும் முதல் வாரத்தில் கேட்கவில்லை. பெருங்கோணச் சிதறலுக்கும், 100 மெ.எ.வோ.வுக்குக் கீழும், திருத்தங்கள் சேர்க்காமல் இதைத் தொட வேண்டாம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. கணக்கை எளிதாக்க, அணுக்கருவின் சராசரி அடர்த்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று உண்டு. இலித்தியம் 11 போன்ற, இரு நியூட்ரான்கள் வெகுதூரம் விலகி நிற்கும் ஒளிவட்ட அணுக்கருக்களில் அது தவறான ஆரத்தைத் தரும். 1985இல் பெர்க்லியில் தனிஹாட்டா குழுவினர் எடுத்த அளவீட்டிலிருந்து அவ்வழியில் பெற்ற ஆரம் குறைவானது என்று 1996இல் அல் கலீலியும் டோஸ்டெவினும் காட்டினர். அந்த இரு நியூட்ரான்களும் பெரும்பாலான நேரம் வழியைவிட்டு விலகி நிற்பதால் அணுக்கரு கூடுதலாக வழிவிடுகிறது. சராசரி எடுத்துவிட்டால் அந்த விலகல் மறைந்துபோகும்.

## அடுக்கு மோதல் மாதிரி

1947இல் செர்பர் முன்வைத்த கருத்து இது: போதிய ஆற்றல் இருந்தால், புகுந்த துகள் ஒவ்வொரு நியூக்ளியானாக மோதிச் செல்கிறது, மோதப்பட்டவை தாமும் மற்றவற்றை மோதுகின்றன, சில வெளியே தெறிக்கின்றன, மீந்த ஆற்றலால் சூடேறிய அணுக்கரு பின்னர் ஆவியாக நியூட்ரான்களை உமிழ்ந்து தணிகிறது. மறு ஆண்டே கோல்ட்பர்கர் தாளும் பென்சிலுமாக, தற்செயல் எண்களைக் கொண்டு, இவ்வாறான மோதல் தொடர்களைக் கையாலேயே பின்தொடர்ந்தார். 1958இல் மெட்ரோபோலிஸும் தோழர்களும் அதையே மானியாக் கணினியில் செய்தனர். 1960களில் ஓக் ரிட்ஜில் பெர்டினி எழுதிய வடிவத்தின் வழித்தோன்றல் இன்று ஜியான்ட் 4 மென்பொருளில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் வளர்ந்த ஐஎன்சிஎல் என்னும் வடிவமும் அதில் உண்டு.

முந்தைய இரு முறைகளும் மறுபக்கம் நின்று விளக்கொளியைப் பார்க்க, இம்முறை ஆளுக்குப் பின்னாலேயே நடந்து போகிறது. ஒளியியல் மாதிரி வாளியில் போட்டுவிட்ட துகள்களை எடுத்து எண்ணிக் காட்டுவது இது மட்டும்தான். 1000 மெ.எ.வோ. புரோட்டான் ஈயத்தில் மோதினால் எத்தனை நியூட்ரான் வெளிவரும், எந்தக் கோணத்தில், மீந்து கிடக்கும் அணுக்கரு எது என்ற கேள்விகளுக்கு, கதிர்த்தடுப்புச் சுவர் கட்டுபவரும் புரோட்டான் சிகிச்சைக்குக் கதிர் அளவு கணிப்பவரும் இதைத்தான் நாடுகின்றனர்.

ஆனால் இதில் அலை இல்லை. ஆகவே குறுக்கீடும் விளிம்பு விளைவும் இல்லை. மீட்சிச் சிதறலின் மேடுபள்ளக் கோட்டை இதில் எதிர்பார்ப்பது வீண். துகளின் அலைநீளம் நியூக்ளியான்களின் இடைவெளியைவிடக் குறுகியும், மோதலிடைத் தூரம் அந்த இடைவெளியைவிட நீண்டும் இருக்கும்போதுதான் இதன் அடிப்படை உறுதியானது. சுமார் 200 மெ.எ.வோ.வுக்கு மேல் ஐயமில்லை. அதற்குக் கீழும் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது என்பது உண்மை. ஏன் பொருந்துகிறது என்று தேர்வாளர் கேட்டால் திணற வேண்டியிருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, ஜியான்ட் 4 நிறுவவும் அதன் தரவுத் தொகுதிகளை ஜிகாபைட் கணக்கில் இறக்கவும் நல்ல இணையம் வேண்டும். மழை பிடித்தால் இணையம் படுத்துவிடும் எங்கள் பக்கத்தில் அது பல்கலைக்கழக வளாகத்திலேயே முடிக்க வேண்டிய வேலை. டாலிஸுக்கும் தரவுத் தொகுதி பெரிதுதான் என்றாலும் ஒரே முறை இறக்கினால் முடிந்தது. அரிதாக நிகழும் விளைவுகளைப் பார்க்க இலட்சக்கணக்கான நிகழ்வுகளை ஓட்ட வேண்டும். மடிக்கணினியை இரவு முழுவதும் விட்டுவிடுவதே வழி. மேலும், மோதலுக்குப் பின் அணுக்கரு தணியும் படிக்கு வேறொரு துணை மாதிரி இணைக்கப்படுகிறது. விடையில் எது மோதலின் பங்கு, எது தணிதலின் பங்கு என்று பிரித்துச் சொல்ல அறியாமல் முடிவு எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஒளியியல் மாதிரி | கிளாபர் மாதிரி | அடுக்கு மோதல் மாதிரி |
|---|---|---|---|
| பொருந்தும் ஆற்றல் | 200 மெ.எ.வோ. வரை ஆயத்த அளவுருக்கள் உண்டு | சில நூறு மெ.எ.வோ.வுக்கு மேல் | சுமார் 200 மெ.எ.வோ.வுக்கு மேல் உறுதி |
| மீட்சிச் சிதறல் | எல்லாக் கோணங்களிலும் | சிறு கோணங்களில் | இயலாது |
| மொத்த வினைக் குறுக்குவெட்டு | ஆம் | ஆம் | ஆம், தோராயமாக |
| தெறிக்கும் துகள்கள் | இயலாது. துணை மாதிரி வேண்டும் | குறிப்பிட்ட சில வினைகளில் மட்டும் | இதற்கே உரியது |
| நாம் இட வேண்டியவை | பொருத்தப்பட்ட அளவுருக்கள் | மோதல் அளவுகளும் அடர்த்தியும் | மோதல் அளவுகள், அடர்த்தி, தணிதல் மாதிரி |
| பெரிய மறைசெலவு | பொருந்துவதையே சான்றாக நம்புவது | ஆற்றல் எல்லையை மீறுவது | எந்தப் படி விடையைத் தந்தது என்று தெரியாமை |

நியூட்ரானா புரோட்டானா என்பதும் தேர்வைச் சிறிது மாற்றும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் கணக்கு எளிது, அளவீடு கடினம். ஆகையால் கோணப் பரவல் தரவுகள் புரோட்டானுக்கே மிகுதி. புரோட்டானும் நியூட்ரானும் மோதும் குறுக்குவெட்டு, 200 மெ.எ.வோ.வுக்குக் கீழே, ஒத்த இரு துகள்கள் மோதுவதைவிட இரண்டு மடங்கை ஒட்டியோ அதற்கும் மேலோ இருக்கிறது. ஆகவே நியூட்ரான் மிகுந்த ஈயத்தில் புரோட்டானும் நியூட்ரானும் ஒரே மாதிரி மங்கா. இரண்டுக்கும் ஒரே அளவுருவைப் போட்டுவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது.

## அந்த மூவருக்கும் சொன்னது

முதலாமவர் 65 மெ.எ.வோ. புரோட்டான் மீட்சிச் சிதறலை எடுத்திருந்தார். அவருக்கு ஒளியியல் மாதிரி என்பதில் யோசிக்கவே இடமில்லை. ஆனால் ஆயத்த அளவுருவை ஓட்டி ஒரு கோடு வரைந்து கொடுப்பது ஆய்வாகாது. ஆழத்தையும் ஆரத்தையும் சேர்த்து மாற்றி, எத்தனை வேறுபட்ட இணைகள் அதே தரவைப் பொருத்துகின்றன என்று ஒரு படம் வரையச் சொன்னேன். பின்னர் ஒவ்வோர் இணைக்கும் மோதலிடைத் தூரத்தைக் கணித்தால், எது தரவினால் உறுதியாகிறது, எது ஆகவில்லை என்பது தெரியும்.

இரண்டாமவர் கதிர்த்தடுப்பில் ஆர்வம் கொண்ட தங்கை. ஈயத்திலிருந்து வெளிவரும் நியூட்ரான் எண்ணிக்கை வேண்டும் என்றார். அடுக்கு மோதல்தான். ஜியான்ட் 4இலேயே பெர்டினி, ஐஎன்சிஎல் இரண்டையும் ஒரே ஆற்றலில் ஓட்டி, வேறுபாடு எந்தக் கோணத்தில், எந்த ஆற்றலில் பெருகுகிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தைவிட ஒத்துப்போகாத இடமே அவருக்கு அத்தியாயம் தரும்.

மூன்றாமவர்தான் சிக்கல். 150 மெ.எ.வோ.வில் கரியின் வினைக் குறுக்குவெட்டு அவருடைய தலைப்பு. கோனிங்–டெலரோஷ் தொகுதி 24 நிறை எண்ணுக்குக் கீழ் உறுதி தரவில்லை, கரியோ 12. கிளாபருக்கு ஆற்றல் சற்றுக் குறைவு. அடுக்கு மோதலும் எல்லையோரத்தில் நிற்கிறது. மூன்று முறைகளும் கைவிடும் இடம் என்று அவர் சோர்ந்துவிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. கிளாபரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், ஏனெனில் அதில்தான் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியும். முதலில் 800 மெ.எ.வோ.வில் கணித்து அளவீட்டோடு சரிபார்க்க வேண்டும். பிறகு ஆற்றலை நூறு நூறு மெ.எ.வோ.வாகக் குறைத்து இறங்கி வர வேண்டும். மின்விலக்கத்தால் பாதை வளைவதைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும், பவுலித் தடையைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் விடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். 150இல் எது எவ்வளவு மாற்றுகிறது என்பது தானாகவே தெரியும்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று சொல்லி அனுப்பினேன். எக்ஸ்ஃபாரிலிருந்து தரவை இறக்கியதும், கோணம் ஆய்வகச் சட்டத்தில் (இலக்கு அசையாமல் நிற்கும் பார்வையில்) தரப்பட்டிருக்கிறதா, நிறைமையச் சட்டத்திலா (துகளும் இலக்கும் சேர்ந்த நிறைமையம் அசையாமல் நிற்கும் பார்வையில்) என்று தலைப்பு வரிகளில் பார்த்துவிட வேண்டும். கரி போன்ற இலேசான அணுக்கருவில் அவ்விரண்டுக்கும் இடையே பல பாகைகள் வேறுபாடு வரும். சிதறல் கோட்டின் பள்ளங்களின் இடம் அந்த அளவுக்கு நகர்ந்து நின்றால், எந்த மாதிரியை எடுத்தாலும் தவறு அதன் தலையில்தான் விழும்.